மழிகத்தி யார் கையில்?

ஓர் இனத்தை அடிமைப்படுத்த விழைவோன் முதற்கண் அதன் நிலத்தைக் கவர்வதில்லை. அதன் சொல்லைக் கவர்கின்றான். சொல் இழிவுற்றால் அச்சொல் சுட்டும் பொருளும் இழிவுறும். பொருள் இழிவுற்றால் அதனைத் தன் மெய்யிலேயே தாங்கி நிற்கும் மாந்தனும் தன்னை இழிந்தோனாகக் கருதித் தலைகவிழ்வான். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. குனிந்து நம் காலை நோக்கினாற் போதும். முழந்தாளுக்குக் கீழே முளைத்திருக்கின்றதே, அதன் பெயர் மயிர்.

இச்சொல்லைக் கண்ட அளவில் முகஞ்சுளித்து இவ்விதழை மூடிவைக்க எண்ணிய அன்பர் எவரேனும் இருப்பின், இக்கட்டுரை முதற்கண் அவர்க்கே உரியது.

மயிர் என்பது தூய தமிழ்ச்சொல். திருவள்ளுவப் பெருந்தகை அதனைக் கூசாது ஆண்டார். அதுவும் மானம் என்னும் 97 ஆம் அதிகாரத்திலேயே இருமுறை ஆண்டார். தம் நிலையினின்று தாழ்ந்தார்க்குத் தலையினின்று வீழ்ந்த மயிரை உவமை கூறினார். மானம் போயின் உயிர் வாழாதார்க்குக் கவரிமாவையும் அதன் மயிரையும் உவமை கூறினார். மானத்தைப் பேசவந்த இடத்திலேயே மயிரைப் பேசுதற்கு அப்பெரியார்க்கு நாணம் வரவில்லை. அவ்வதிகாரத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் எவரையும் கேட்டுப் பாருங்கள். அச்சொல் வந்தவுடன் பின்வரிசை நகைக்கும், முன்வரிசை தலைகுனியும். ஆசிரியரே சிலர் விரைந்து அடுத்த குறளுக்குத் தாவிவிடுவர்.

இது எவ்வாறு நேர்ந்தது? தமிழ்ச்சொல் வசைச்சொல்லாகத் தள்ளப்பட்டதும், அதன் இருக்கையில் உரோமம் என்றும் கேசம் என்றும் வடசொற்கள் ஏறி அமர்ந்தன. பொருள் ஒன்றே. ஆயினும் தமிழிற் சொன்னால் இழிவழக்கு. வடமொழியிற் சொன்னால் நயத்தக்க நாகரிகம்! ஊர்தி மோதலில் ஒருவர் பிழைத்தால், மயிரிழையில் உயிர் தப்பினார் என்று நாளிதழ்கள் இன்றும் எழுதுகின்றன. அதனைப் படிக்கையில் எவர்க்கும் கூச்சமில்லை. எனவே சொல்லில் அழுக்கில்லை. நம் செவியிலேதான் அழுக்கேறியிருக்கின்றது.

மயிரைக் களையும் செயலுக்குரிய சொற்களும் இதே நிலையை எய்தின. மழித்தல், சிரைத்தல் என்னும் இரண்டும் நம் சொற்கள். அவற்றைத் தள்ளிச் சவரம் என்னும் வடசொல் வந்தது. அதனையும் தள்ளி இப்பொழுது சேவிங்கு வந்துள்ளது. சிரைத்தல் என்பதோ தொழிற்பெயராக வாழ்வதை விட்டு வசையாக மட்டுமே வாழ்கின்றது. ஒருவனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஏசுதற்குப் போய்ச் சிரை என்கின்றனர். தமிழுணர்ந்தோர் எனப்படுவாரும் மேடையில் அவ்வாறு ஏசக் கேட்டுள்ளோம். ஒரு தொழிலையும் அதனைச் செய்யும் குடியையும் ஒரு சொல்லால் ஒருங்கே மிதிக்கும் அவ்வழக்கு தமிழ் வழக்கன்று, சாதி வழக்கு.

அண்மையில், முன்னாளில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி மடல் விடுத்திருந்தாள். இப்பொழுது கோவையில் பணியாற்றுகின்றாள். அவள் பாட்டனார் நாள்தோறும் முகம் மழித்த பழைய மடக்குக் கத்தி ஒன்று வீட்டுப் பெட்டியிற் கிடந்ததாம். துருவைப் போக்கி, தீட்டி, பலகாற் பழகி, இப்பொழுது அதனைக்கொண்டே தன் கால்களைத் தானே மழித்துக்கொள்கின்றாளாம். சிரைக்கிற கத்தியைப் பெண்பிள்ளை தொடலாமா என்று தாயார் வெகுள்கின்றாராம். கடையில் இளஞ்சிவப்புக் கத்தி விற்கும்போது இந்தக் கிழட்டுக் கத்தி எதற்கு என்று தோழியர் நகைக்கின்றனராம். “ஐயா, நான் செய்வது சரியா, பிழையா? இக்கத்திக்கு நல்ல தமிழ்ப்பெயர் யாது?” என்று கேட்டிருந்தாள். இரண்டாம் வினாவிற்கு அன்றே ஒரு சொல்லில் விடை எழுதினேன்: மழிகத்தி. முதல் வினாவிற்கு ஓர் அஞ்சலட்டை போதாது. அவ்வினா அவளுடையது மட்டுமன்று. நம் பெண்மக்கள் பலருடையது. ஆதலின் அதற்குரிய விடையை இவ்விதழில் எழுதுகின்றேன்.

பெண்ணின் காலில் மயிர் இருத்தல் அழகன்று என்னும் எண்ணம் மேலை நாட்டில் மிகப் பழையது. உரோமப் புலவர் ஓவிடு என்பார் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் காதற்கலை பற்றி ஒரு நூல் யாத்தார். அதில் பெண்டிர்க்கு அறிவுரை கூறும் பகுதியில், கால்கள் கடுமயிரால் சொரசொரப்பாக இருத்தலாகாது என்று எச்சரிக்கின்றார். நம் மிளகை வாங்குதற்கு முசிறித் துறையில் உரோமர் கலங்கள் வந்து நின்ற காலத்தையொட்டியது அந்நூல்.

அம்மிளகு விளைந்த தமிழகத்தின் புலவர் இதுபற்றி என்ன கூறினார்? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையை எடுத்துக்கொள்க. கரிகாற் பெருவளத்தானைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு முடத்தாமக்கண்ணியார் பாடியது அது. அதில் பாடினி ஒருத்தியின் எழிலைத் தலைமுதல் அடிவரை ஓர் உறுப்பும் விடாது புனைந்துரைக்கின்றார் புலவர். குறங்கைக் கூறி, கீழிறங்கிக் கணைக்காலுக்கு வந்தவர், அதில் மயிர் ஒழுங்குபடப் பொருந்தியிருத்தலை அழகுகளுள் ஒன்றாக வைத்துப் பாராட்டுகின்றார். ஆம், அன்பர்களே! பெண்ணின் காலில் உள்ள மயிரை, மறைத்தற்குரிய குறையென்று கருதாமல், திருந்திய காலுக்குரிய சிறப்பென்று பாடியவன் தமிழ்ப்புலவன். பத்துப்பாட்டு 1889 ஆம் ஆண்டிலேயே நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறிவிட்டது. எனினும் இவ்வரியை விளக்கமாக நடத்திய வகுப்பறைகள் எத்தனை?

மயிரைக் களையும் கருவி அற்றைநாளில் இல்லாமையால் அவ்வாறு பாடினார் போலும் என்று ஒருவர் கூறக்கூடும். அதற்கும் அப்பாட்டே விடை தருகின்றது. அதே புனைவில், அதே பாடினியின் காதுக்குப் புலவர் காட்டும் உவமை யாது? மயிரைக் குறைக்கும் கருவியின் அழகிய கைப்பிடி! கத்தரிகையின் வளைந்த பிடியைக் கண்ணால் கண்டு, அதன் வடிவில் அழகும் கண்டு, அதனைப் பெண்ணின் காதுக்கு ஒப்பிட்ட புலவர்தாம், பத்துப் பன்னிரண்டு அடி கழித்துக் காலின் மயிரையும் பாராட்டுகின்றார். கருவி இருந்தது. அதனைப் பெண்ணின் காலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்னும் தேவைதான் எவர்க்கும் தோன்றவில்லை.

அத்தகைய நாட்டில் இன்று நடப்பது யாது? யான் பணியாற்றும் பள்ளியில் ஓட்டத்தில் முதல்வியாய் வரும் மாணவி ஒருத்தி இருந்தாள். பதின்மூன்று அகவை. மாவட்டப் போட்டிக்குப் பெயர் கேட்டபோது, வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். உடற்பயிற்சி ஆசிரியை தனியே அழைத்து வினவியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அரைக்காற்சட்டை அணிந்து ஓடினால் காலின் மயிர் தெரியுமாம். முன்னொரு முறை உடன்பயில்வோர் கண்டு நகைத்தனராம். அவ்வாண்டு அவள் ஓடவேயில்லை. ஓடுதற்கென்றே வாய்த்த கால்கள்! அவற்றைக் கட்டிப்போட்டது விலங்கன்று, நோயன்று, வறுமையுமன்று. விளம்பரம் கற்றுத்தந்த நாணம்.

அந்நாணம் புதிதாகச் செய்யப்பட்ட வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் சில்லெட்டு என்பார் தூக்கியெறியத்தக்க மெல்லிய அலகைக்கொண்ட மழிப்புக் கருவியை விற்கத் தொடங்கினார். 1903 ஆம் ஆண்டில் விற்றவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே. மறு ஆண்டில் விற்பனை தொண்ணூறாயிரம் கருவிகளைத் தாண்டியது. கருவியை ஒருமுறை விற்று, அலகை வாழ்நாள் முழுதும் விற்பது அவ்வணிகத்தின் உயிர்நிலை. ஆடவர் முகம் முழுதும் வாடிக்கையாகிவிட்டால், அடுத்த வாடிக்கையாளரை எங்குத் தேடுவது? மாந்தருள் மறுபாதியர் எஞ்சியிருந்தனர். 1915 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பெண்டிர்க்கெனத் தனிக் கருவியை வெளியிட்டது. கையில்லாச் சட்டைகள் பரவிய காலம் அது. முதலில் அக்குளைக் குறிவைத்தனர். அதற்கு முந்திய தலைமுறை ஒரு பொருட்டாகவே கருதாத ஒன்றை, மானக்கேடான குறையென்று விளம்பரங்கள் ஓதத் தொடங்கின.

1920களில் அங்குப் பாவாடையின் விளிம்பு உயர்ந்தது; காலும் கடைப்பொருளாயிற்று. 1940 ஆம் ஆண்டில் நைலான் காலுறைகள் நாடெங்கும் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியதும், நைலான் முழுதும் வான்குடை முதலிய படைத்தேவைகட்குத் திருப்பப்பட்டது. காலுறை கிடைக்காத பெண்டிர் காலிலே சாயம் பூசி, காலுறையின் தையற்கோட்டைப் பின்புறம் மையால் வரைந்துகொண்டனர். சாயம் ஒழுங்காகப் படிய வேண்டுமாயின் மயிர் இருத்தலாகாது. போர் முடிந்தது, சாயமும் போயிற்று, மழிக்கும் கட்டாயம் மட்டும் நிலைத்துவிட்டது. அதுவே இன்று தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் நம் வீட்டுக் கூடத்திற்குள் வந்து, பதின்மூன்று அகவைச் சிறுமியின் காலைச் சுட்டி நகைக்கின்றது.

கொள்ளை அத்துடன் நின்றதா? ஒரே வகைக் கத்திக்கு நீலப்பிடி போட்டால் ஒரு விலை. இளஞ்சிவப்புப் பிடி போட்டால் வேறு விலை. நியூயார்க்கு மாநகராட்சியின் நுகர்வோர் துறை 2015 ஆம் ஆண்டில் ஆய்ந்து வெளியிட்ட அறிக்கையில், உடல்தூய்மைக்குரிய பொருள்கள் ஆடவர்க்குரியவற்றினும் பெண்டிர்க்குரியவை சராசரியாக 13 விழுக்காடு மிகுந்த விலையில் விற்கப்படுவது காட்டப்பட்டது. முதலில் நாணத்தை விற்றனர். பின்னர் அந்நாணத்திற்கு மருந்தை விற்றனர். மருந்திற்கும் பெண்ணிடம் தனி விலை பெற்றனர்.

மேலை வணிகனை மட்டும் குறைகூறி நாம் கைகழுவிவிட இயலாது. நம் மண்ணிலும் பெண்ணின் மயிர்மேல் பிறர் கை ஓங்கிய வரலாறு உண்டு. கணவனை இழந்தவளை மூலையில் அமர்த்தி, அவள் விருப்பம் கேளாது, தலையை மழித்த கொடுமையை ஆரிய நெறியின்பாற் பட்ட குடும்பங்கள் சென்ற நூற்றாண்டுவரை அறமென்று கொண்டாடின. அதனைக் கண்டிக்கும் நாம், நம் புறநானூற்றிலேயே கைம்மை எய்தியவள் கூந்தல் களையப்பட்ட செய்தி உண்டு என்பதையும் மறைத்தலாகாது. உண்மையை மறைத்துப் பேசும் மொழிப்பற்று நெடுநாள் நில்லாது. அன்று அவள் தலைமேற் கத்தி வைத்தது சடங்கு. இன்று அவள் காலின்மேற் கத்தி வைப்பது கடை. இரண்டிலும் ஒருமை ஒன்றுண்டு: கத்தியைப் பிடிப்பது எவர் கையாயினும், அக்கையை ஆட்டுவது அவள் உள்ளம் அன்று.

இங்கு நம் பாசறையிலேயே சிலர் எழுந்து, சங்கப்புலவர் காலின் மயிரைப் பாராட்டியிருத்தலின் தமிழச்சி எவளும் காலை மழித்தலாகாது என்று தீர்ப்புரைக்க முனையலாம். அது பெரும்பிழை. கடைக்காரனின் கட்டளையை நீக்கி அங்குப் புலவனின் கட்டளையை நாட்டுவது விடுதலையாகாது. முடத்தாமக்கண்ணியார் அழகைப் பாடினார், சட்டம் இயற்றவில்லை. திருவள்ளுவரும் துறவிகளை நோக்கி, உலகம் பழிக்கும் தீயொழுக்கத்தை விட்டுவிட்டால் தலையை மழிப்பதும் சடையை வளர்ப்பதும் வேண்டப்படுவன அல்ல என்றே தெளிவுறுத்தினார். மழிப்பதில் உயர்வுமில்லை, வளர்ப்பதில் தாழ்வுமில்லை. மிதிவண்டிப் போட்டியில் ஓட்டும் ஆடவர், விழுந்தால் புண்ணைத் தூய்மை செய்யவும் தசையைப் பிடித்துவிடவும் எளிதென்று கால்களை மழிக்கின்றனர். நீச்சற் போட்டியாளர் நீரின் தடையைக் குறைத்தற்கு மழிக்கின்றனர். அவர்கட்குக் கரணியம் உண்டு, நாணம் இல்லை. பெண்ணுக்கும் அவ்வளவே வேண்டும். விரும்பினால் மழிக்கட்டும், விரும்பாவிடின் விடட்டும். எவரும் நகைக்கக் கூடாது.

எனவே கோவையிலிருந்து எழுதிய மகளே, உன் முதல் வினாவிற்கு விடை இது: பிறர் நகைப்புக்கு அஞ்சி நீ மழிப்பாயாயின் அது பிழை. உன் விருப்பத்தால் மழிப்பாயாயின் அதில் பிழையேதும் இல்லை. பாட்டனார் கத்தியை நீ எடுத்தது பிழையன்று, பாராட்டத்தக்கது. கரணியம் கூறுகின்றேன்.

மழிகத்தி என்பது எஃகின் உயர்நிலை. அவ்வெஃகுக்கும் நமக்கும் தொல்லுறவு உண்டு. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985 ஆம் ஆண்டு தொடங்கி நடந்த அகழாய்வுகள், சங்கக் காலத்திலேயே அங்கு இரும்பும் எஃகும் உருக்கப்பட்டமைக்குச் சான்றுகளைத் தந்துள்ளன. குகைகளில் இட்டு உருக்கிய தென்னாட்டு எஃகை ஐரோப்பியர் ஊட்சு என்று வழங்கினர். உருக்கு, உக்கு என்னும் தென்மொழிச் சொற்களின் திரிபு அது என்பர் அறிஞர். 1795 ஆம் ஆண்டில் பியர்சன் என்பார் இலண்டன் அரசக் கழகத்தின் வழியாக அதன் இயல்பை ஆய்ந்து எழுதினார். சேம்சு இசுட்டோடார்ட்டு என்னும் இலண்டன் கத்திக்கொல்லர் அதனால் கருவிகள் செய்து அதன் உயர்வைப் போற்றினார். அவரும், பின்னாளில் மின்னாய்வால் உலகப்புகழ் எய்திய மைக்கேல் பாரடேயும் சேர்ந்து, அவ்வெஃகின் மறைபொருளை அறிய முயன்று, 1820 ஆம் ஆண்டில் கலவை எஃகுகள் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அம்முயற்சியிற் பிறந்த எஃகால் மழிகத்திகள் செய்வித்துப் பாரடே தம் நண்பர்க்குப் பரிசளித்தார். இங்கிலாந்தின் செபீல்டும் செர்மனியின் சோலிங்கனும் மழிகத்திக்குப் பெயர்பெற்ற நகரங்கள். ஆயின் அவ்வறிவியலின் வேர்களுள் ஒன்று நம் மண்ணில் இறங்கியிருக்கின்றது.

அன்றியும், முறையாகப் பேணப்படும் மழிகத்தி தலைமுறை கடந்து உழைக்கும். நெகிழிப் பிடியுடன் தூக்கியெறியும் கத்தியோ சில முறையில் மழுங்கிக் குப்பைக்குப் போகும். மீண்டும் கடைக்குப் போகச் சொல்லும். தீட்டத் தெரிந்தவர்க்குக் கடைக்காரன் தயவு வேண்டா.

ஆயினும் திறந்த அலகு விளையாட்டுப் பொருளன்று. முகத்தை மழிப்பதினும் தன் காலைத் தானே மழிப்பது கடினம். ஈரத்தரையில் நின்றுகொண்டு செய்யாதே. அமர்ந்து, காலை ஒரு மணைமேல் வைத்துக்கொள். முதலில் வெந்நீரால் காலைச் சில மணித்துளிகள் நனைத்து மயிரை மென்மையாக்கி, வழலையை நன்றாக நுரைத்துப் பூசு. அலகைத் தோலோடு ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் வை. அதனினும் நிமிர்த்தினால் வெட்டும். ஒரு கையால் தோலை இறுக இழுத்துப் பிடித்து, மறுகையால் மயிர் சாய்ந்த போக்கிலே, மேலிருந்து கீழ்நோக்கிச் சிறுசிறு இழுப்பாகச் செல். அழுத்தாதே, அலகின் எடையே போதும். அலகைப் பக்கவாட்டில் ஒருபோதும் நகர்த்தாதே. மழிகத்தியால் நேரும் ஆழ்ந்த வெட்டுகள் அவ்வாறே நேர்வன. முன்னெலும்பின்மேல் தசை மிகக் குறைவு. அங்கு மெல்லச் செல். முழந்தாளைச் சற்று மடக்கினால் அங்குள்ள தோல் விரியும். கணுக்காலின் புடைப்பும் குதிகாலுக்கு மேலுள்ள நாணும் இடர்மிக்க இடங்கள்; கை பழகும்வரை அவற்றை விட்டுவிடு. முடிந்தபின் குளிர்நீரால் கழுவிப் படிகாரம் தடவு. அலகை ஈரமறத் துடைத்து, எண்ணெய் ஒரு துளி பூசி வை. மறுமுறை மழிக்குமுன் தோல்வாரில் தீட்டு. தீட்டுங்கால் அலகின் முதுகு முன்செல்ல வேண்டும், வாய் முன்செல்லின் தோல் கிழியும். உன் கத்தியைப் பிறர்க்குக் கொடாதே. பிறர் கத்தியை நீ கொள்ளாதே. குருதி வழியே பரவும் நோய்கள் உள. நீரிழிவு உடையார் திறந்த அலகைக் காலுக்குக் கொண்டுசெல்லாமை நன்று. அவர்க்குக் காலிற் பட்ட சிறு புண்ணும் ஆற நாளாகும். மழித்தால் மயிர் தடித்து வளரும் என்பாரின் அச்சமும் உனக்கு வேண்டா. 1928 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உடற்கூற்றறிஞர் மில்டிரட்டு டிராட்டர் என்னும் அம்மையார் ஆய்ந்து, அது மெய்யன்று என்று காட்டிவிட்டார்.

இவ்வளவும் செய்து பார்த்தவர்க்கு ஓர் உண்மை தானே விளங்கும். தன் காலின்மேல், தன் கையால், தன் வலியைத் தானே உணர்ந்துகொண்டு மழிக்கும்போதே இத்துணைப் பதமும் பொறுமையும் வேண்டியிருக்கின்றன. பிறன் ஒருவன் கழுத்தின்மேல், அவன் அசைவை முன்னறிந்து, ஒரு கீறலும் படாது நாள்முழுதும் பலர்க்கு மழித்து அனுப்பும் கையின் திறம் எத்தகையது! அத்திறத்தையா நாம் வசைச்சொல்லாக்கினோம்? அக்குடியினர்க்கு மருத்துவர் என்னும் பெயர் வழங்கியமையும், அக்குடிப் பெண்டிர் மருத்துவச்சியராய் நம் பாட்டிமார்க்குப் பேறுபார்த்தமையும் நாடறிந்தவை. கட்டியை அறுத்ததும் புண்ணை ஆற்றியதும் அக்கைகளே. தாழ்த்தப்பட்ட மக்கள் வந்தால் முடிதிருத்தலாகாது என்று அத்தொழிலாளரை ஊர்க்கட்டால் மிரட்டும் கொடுமையும் நம் ஊர்கள் சிலவற்றில் இன்னும் ஒழிந்தபாடில்லை. கத்தியைப் பிடிப்பவன் இழிந்தவன் என்று ஒரு சொல். அக்கத்தி படக்கூடாதவன் அவனினும் இழிந்தவன் என்று ஒரு கட்டு. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு தமிழினம் ஒன்றென்று முழங்குவது எங்ஙனம் பொருந்தும்?

மொழி, இனம், நாடு என்று பேசவேண்டிய இதழில் காலின் மயிரைப் பற்றி இத்துணைப் பக்கங்களா என்று ஒருவர் வினவலாம். மொழி எங்கு வாழ்கின்றது? மேடையில் மட்டுமா? குளியலறையிலும் வாழ்கின்றது, கண்ணாடி முன்னும் வாழ்கின்றது, ஒரு சிறுமி தன் காலைப் பார்த்துத் தனக்குள் சொல்லிக்கொள்ளும் சொல்லிலும் வாழ்கின்றது. அங்கே தமிழ் நாணத்தின் மொழியாகவும், ஆங்கிலம் அழகின் மொழியாகவும் இருக்குமாயின், மேடையில் நாம் முழங்கிப் பயனில்லை.

ஆகலின் அன்பர்களே, நாம் செய்யத்தக்கவை சிலவே. மயிரை மயிர் என்றே சொல்லப் பழகுவோம். வகுப்பறையில் கூசாது நடத்துவோம். மழித்தல், மழிகத்தி, தோல்வார், தீட்டுக்கல், வழலைநுரை என்னும் சொற்களை வீட்டிலும் கடையிலும் வழங்குவோம். சிரைத்தல் என்பதை வசையாக ஆளும் நாவை, அது எவர் நாவாயினும், அங்கேயே தடுப்போம். நம் பிள்ளைகள் ஒருத்தியின் காலைப் பார்த்து நகைத்தால், பொருநராற்றுப்படையை எடுத்துவைத்து அவ்வரியைப் படித்துக் காட்டுவோம். பெண்மக்கள் மழிக்க விரும்பினால் தடுக்க வேண்டா. விரும்பாவிடின் வற்புறுத்தவும் வேண்டா. அரைக்காற்சட்டை அணிந்து ஓடவிடுவோம்.

மழிகத்தி எவர் வீட்டுப் பெட்டியிலும் இருக்கலாம். தமிழச்சி ஒருத்தியின் காலின்மேல் அது செல்வதாயின், அவள் கையிலேயே இருக்கட்டும். அக்கையை அவள் அறிவே ஆளட்டும்.

வெல்க தமிழ்!